மார்கழிக் குளிரும் நுனிமுடியும்: வேலூர்ச் செக்குக் கடையில் வாங்கிய கூந்தல் எண்ணெய்

வேலூரை வெயிலூர் என்று கேலி செய்கிறவர்கள், மார்கழியில் ஒரு நாள் விடியற்காலையில் காட்பாடி ரயில் நிலையத்துக்கு வந்து நடைமேடையில் கால்மணி நேரம் நின்று பார்க்க வேண்டும். வட இந்தியக் குளிரோடு ஒப்பிட்டால் இது குளிரே அல்ல. ஆனாலும் சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு, 20 டிகிரிக்குக் கீழே இறங்கும் பனிக்காலையே போதுமான குளிர்தான். அந்த நாட்களில் உதடு வெடித்தால் வெண்ணெய் தடவுகிறோம், குதிகால் வெடித்தால் களிம்பு தேடுகிறோம். முடி வறண்டு முறிவதை மட்டும் "முடி கொட்டுகிறது" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, வேருக்கு மருந்து தேடிக் கடை ஏறுகிறோம். கடந்த கார்த்திகையில் நானும் அப்படித்தான் ஏறினேன்.

ஏறிய கடை, லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கும் மரச்செக்கு எண்ணெய்க் கடை. குறைகளையும் எழுதப்போவதால் அதன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லப்போவதில் பெரும்பகுதி எந்த ஊர்ச் செக்குக் கடைக்கும் பொருந்தும். முன்பக்கம் ஆள் ஒருவர் திரும்புகிற அளவுக்குத்தான் இடம். பின்பக்கம் மோட்டாரில் சுற்றும் இரண்டு செக்குகள், சுவரோரம் பிண்ணாக்கு மூட்டைகள். கொப்பரை ஆடும் நாளில் சந்து முனையிலேயே வாசனை பிடித்துவிடும். 100 மில்லி மூலிகைக் கூந்தல் எண்ணெய் 180 ரூபாய்க்கும், அரை லிட்டர் தேங்காய் எண்ணெய் 260 ரூபாய்க்கும் வாங்கினேன். கூடவே ஒரு சிறிய புட்டி விளக்கெண்ணெய், கால் கிலோ சீயக்காய்த் தூள், ஒரு வேப்பமரச் சீப்பு. கார்த்திகை தொடங்கி மாசி முடிய நான்கு மாதம் இவற்றைப் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

என் முடி இடுப்பைத் தாண்டி ஒரு சாண் இறங்கும். அளந்தால் 90 சென்டிமீட்டருக்குக் குறையாது. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும் என்ற கணக்கை வைத்துப் பார்த்தால், என் சடையின் குஞ்சம் கட்டும் இடத்தில் இருப்பது ஏழு வருடத்துக்கு முந்தைய முடி, அதாவது 2020 ஊரடங்குக்கும் முன்பு முளைத்தது. அத்தனை வருட வெயில், உப்புத்தண்ணீர், சீப்பு, ரயில் ஜன்னல் காற்று எல்லாவற்றையும் தாங்கியது அதுதான். தலையில் இயற்கையாக ஊறும் எண்ணெய்ப் பசை அவ்வளவு தூரம் இறங்கி வருவதில்லை. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடியில் உயிர் இல்லாததால், வெடித்த நுனி தானாகக் கூடுவதும் இல்லை. ஆகவே நீண்ட முடி வைத்திருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் கவலை தரவேண்டியது நுனியிலிருந்து ஒரு முழம் வரையுள்ள பகுதியே. கடையில் விற்கிற எல்லாமோ வேரைப் பற்றியே பேசுகின்றன. மூலிகை எண்ணெய்ப் புட்டியின் மேல் ஒட்டிய தாளில் "21 மூலிகைகள், அடர்த்தியான கூந்தல், இளநரைக்குத் தீர்வு" என்று எழுதியிருந்தது. நுனி என்ற சொல்லே அதில் இல்லை.

எண்ணெய் நேர்த்தியாகக் காய்ச்சப்பட்டிருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செம்பருத்தி, வெந்தயம் ஆகியவற்றின் சாறும் விழுதும் தேங்காய் எண்ணெயில் சேர்த்துக் காய்ச்சும் தைலத்துக்குப் பதம் முக்கியம்; நீர் முழுவதும் சுண்டாமல் இறக்கினால் சில வாரத்திலேயே சிக்கு வாடை வந்துவிடும், அடியில் தங்கும் மண்டி மணல்போல் ஆகும் மணற்பதத்தையும் தாண்ட விட்டால் கருகல் வாசனை ஏறிவிடும். இந்த எண்ணெய் நான்கு மாதமும் வாடை மாறாமல் இருந்தது. ஆனால் வடிகட்டியதில் அவ்வளவு கவனம் இல்லை. புட்டியின் அடியில் ஒரு விரல்கடை உயரத்துக்குப் பச்சைக் கறுப்பு மண்டி தங்கியிருந்தது, கடைசிப் பகுதியைத் தடவிய இரவில் தலையணை உறையில் அதன் கறை படிந்தது. அந்தக் கறை இன்னும் போகவில்லை.

எண்ணெயின் வேலையைப் பார்க்க ஒரு சிறு சோதனை செய்தேன். மார்கழி, தை இரண்டு மாதமும் தலைக்குக் குளிப்பதற்கு முந்தைய இரவில் முடியை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கத்துக்கு மூலிகை எண்ணெயும் வலப்பக்கத்துக்கு வெறும் தேங்காய் எண்ணெயும் தடவி இரட்டைச் சடை பின்னிக்கொண்டேன். நாற்பத்திரண்டு வயதில் இரட்டைச் சடையோடு சமையலறைக்குள் போனதற்கு என் மகன் சிரித்தது தனிக் கதை. தை மாதக் கடைசியில், எந்தப் பக்கத்துக்கு எது என்று சொல்லாமல் என் மாமியாரிடம் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பக்கத்தையும் மாறி மாறி உருவிப் பார்த்துவிட்டு, "இதுல என்னம்மா வித்தியாசம், ரெண்டும் ஒரே முடிதானே" என்றார். எனக்கும் அப்படியே தோன்றியது. இரண்டு பக்கமும் போன வருடக் குளிர்காலத்தைவிட மென்மையாக இருந்தன. பின்னும்போது ரவிக்கை முதுகில் உதிரும் துண்டு முடிகளும் நன்றாகக் குறைந்திருந்தன. அந்தப் பலன் தேங்காய் எண்ணெயிலிருந்து வந்தது, அதில் காய்ச்சிய இலைகளிலிருந்து வந்ததாக எனக்குத் தெரியவில்லை. லிட்டர் கணக்கில் பார்த்தால் மூலிகை எண்ணெய் 1,800 ரூபாய், வெறும் எண்ணெய் 520 ரூபாய். மூன்றரை மடங்கு விலைக்கு எனக்குக் கிடைத்தது வாசனையும் தலையணைக் கறையும்தான்.

தேங்காய் எண்ணெய் ஏன் உதவுகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதில் மிகுந்திருக்கும் லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் சிறிய, நேரான அமைப்புடையது. ஆகையால் முடியின் மேலே பூசி நிற்பதோடு உள்ளேயும் புகுகிறது. தலைக்குக் குளிக்கும்போது முடி தண்ணீரை உறிஞ்சி உப்பி, காய்ந்ததும் சுருங்குகிறது. இது திரும்பத் திரும்ப நடப்பதில் முடியின் புரதம் சிறிது சிறிதாகக் கழிகிறது. குளிப்பதற்கு முன்பே உள்ளே புகுந்த எண்ணெய் அந்த உப்பலை மட்டுப்படுத்துகிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு மும்பையில் செய்யப்பட்டு 2003இல் வெளியான ஓர் ஆய்வில், புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே என்று கண்டார்கள். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தாலும் என் இரட்டைச் சடை அந்த முடிவுக்கு எதிராக எதையும் காட்டவில்லை.

குளிரில் இந்த எண்ணெயோடு படுகிற பாடு வேறு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி பிறந்ததும் கடைக்காரர் கொடுத்த குறுகிய வாய்ப் பிளாஸ்டிக் புட்டிக்குள் அரை லிட்டரும் வெள்ளை மெழுகுக் கட்டியாக நின்றுவிட்டது. கவிழ்த்தாலும் அழுத்தினாலும் ஒரு சொட்டு வரவில்லை. கடைசியில் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, புட்டிக்குள் விட்டுக் கிளறி, கடுகளவு கடுகளவாக எடுத்தேன். மறுநாளே வெந்நீரில் புட்டியை நிறுத்தி உருக்கி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு மாற்றிவிட்டேன். குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் விற்கிறவர்கள் அகன்ற வாய்ச் சாடியில் தரவேண்டும் என்பது இந்தக் கடையின் மேல் என் முதல் புகார். அதைச் சொன்னபோது கடைக்காரர், "உறைஞ்சாதான்கா சுத்தம்" என்று பெருமையாகச் சொன்னார். அதில் பாதிதான் உண்மை. வேறு திரவ எண்ணெய் கலந்திருந்தால், ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் அரைமணி நேரம் வைத்தால் கலந்தது உறையாமல் தனியாகப் பிரிந்து நிற்கும். நான் வைத்துப் பார்த்தேன், பிரியவில்லை. ஆனால் சுத்திகரித்த எண்ணெயும் இதேபோல்தான் உறையும். உறைந்தது என்பதற்காகவே அது செக்கில் ஆடியது என்றோ, கந்தகப் புகை காட்டாத கொப்பரை என்றோ முடிவு கட்ட முடியாது.

உறைந்த எண்ணெயில் ஒரு வசதியும் உண்டு. நெல்லிக்காயளவு எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்தால் உடனே உருகிவிடும். அந்தக் கையால் நுனியிலிருந்து ஒரு முழம் உயரத்துக்கு மட்டும் உருவிவிட்டால் போதும், வழிவதில்லை, தோளில் சொட்டுவதில்லை. என்னுடைய நுனிப் பராமரிப்பு முழுவதும் இப்போது இப்படித்தான் நடக்கிறது.

விளக்கெண்ணெயைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தவறு என்னுடையதும்தான். வறட்சிக்குக் கனமான எண்ணெய் நல்லது என்று கடையில் சொன்னதை நம்பி, கார்த்திகையின் கடைசி வாரத்தில் அதை மற்ற எண்ணெயோடு கலக்காமல் அப்படியே நீளம் முழுக்கத் தடவி, மறுநாள் சீயக்காய் போட்டுக் கசக்கினேன். பிடரிக்குச் சற்று மேலே, கோழிமுட்டையளவுக்கு ஒரு கட்டி இறுகிவிட்டது; விரல் நுழையவில்லை, சீப்பு நுழையவில்லை, தண்ணீர் பட்டால் இன்னும் இறுகியது. மாமியார் என்னைத் திண்ணையில் உட்காரவைத்து, வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயை அதில் ஊறவிட்டு, ஊசிமுனையால் ஒவ்வொரு இழையாக இரண்டு மணி நேரம் பிரித்தார். கடைசியில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு கற்றையைக் கத்தரிக்க வேண்டியதாயிற்று. விளக்கெண்ணெயின் பிசுபிசுப்பு குட்டை முடியில் தெரியாமல் போகலாம். நீண்ட முடிக்கு அது வேண்டவே வேண்டாம். வேண்டும் என்கிறவர்கள் நாலு பங்கு தேங்காய் எண்ணெயோடு ஒரு பங்குக்கு மேல் சேர்க்காமல் இருப்பது நல்லது.

சீயக்காய்த் தூள் வாசனையில் குறையில்லை. பூலாங்கிழங்கு, வெந்தயம், பச்சைப்பயறு, காய்ந்த எலுமிச்சைத் தோல் எல்லாம் சேர்ந்த அந்தப் பழைய வாசனைக்காகவே இன்னொரு முறை வாங்கலாம் என்று தோன்றும். சீயக்காய் ஜவ்வாது மலையிலிருந்து வருவதாகக் கடைக்காரர் சொன்னார். அந்த மலையிலிருந்து வேலூர்ச் சந்தைக்குச் சீயக்காயும் புளியும் தேனும் இறங்குவது வழக்கம்தான். குறை சலிப்பில் இருக்கிறது. தூளைக் குழைத்துத் தேய்த்தால் நெற்று நார்கள் முடிக்குள் சிக்கி, காய்ந்த பிறகும் உதிர்ந்துகொண்டே இருந்தன. இரண்டாவது வாரத்திலிருந்து, தூளைச் சோறு வடித்த கஞ்சியில் இரவே ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டி, அந்த நீரை மட்டும் தலையில் ஊற்றித் தேய்த்தேன். நுரை குறைவு, ஆனால் நுனி சொரசொரப்பாகவில்லை. எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வாளியில் வெள்ளைப் படிவு விடும் ரகம். அந்தத் தண்ணீரில் எதைப் போட்டுக் குளித்தாலும் முடி கடைசியில் ஒருவித விறைப்புக்கு வந்துவிடுகிறது. குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் ஒரு குடம் பிடித்து வைத்துக்கொண்டு கடைசி இரண்டு சொம்பு அதில் அலசுகிறேன். இந்த ஒரு மாற்றம் 180 ரூபாய் எண்ணெயைவிட அதிக வித்தியாசத்தைக் காட்டியது.

கடைக்காரரின் ஆலோசனைகளில் ஒன்றை மட்டும் கடுமையாக மறுக்க வேண்டும். குளிரில் உச்சியில் உதிர்வது எல்லாமே வறட்சி என்றும், இரவு முழுக்க எண்ணெய் ஊறவிட்டால் பொடுகு போய்விடும் என்றும் அவர் எல்லோரிடமும் சொல்கிறார். வறண்ட தோல் மாவுபோல் மெல்லியதாக உதிரும். பொடுகோ சற்று மஞ்சளாக, பிசுக்காக, அரிப்போடு இருக்கும். அதற்குப் பின்னால் இருப்பது மலசீசியா என்ற பூஞ்சை, அது எண்ணெய்ப் பசையையே தின்று வாழ்கிறது. அதற்குமேல் எண்ணெய் ஊற்றுவது தீனி போடுவதுதான். என் சக ஊழியர் ஒருவர் இந்த ஆலோசனையைக் கேட்டு ஒரு மாதம் ஊறவைத்து, அரிப்பு தாங்காமல் தோல் மருத்துவரிடம் போய், பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பு எழுதி வாங்கி வந்தபிறகே சரியானார். பொடுகு உள்ளவர்கள் எண்ணெயைக் காதுமடலுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

வேப்பமரச் சீப்பு 90 ரூபாய். பேன், பொடுகு எல்லாம் போகும் என்று அதன் உறையில் அச்சிட்டிருப்பதை மறந்துவிட்டு, அகன்ற பல் உள்ள ஒரு சீப்பாக மட்டும் பார்த்தால் நல்ல சரக்கு. வாங்கிய அன்று இரண்டு பற்களின் இடுக்கில் பிசிறு இருந்தது. உப்புத்தாளை மடித்து உள்ளே விட்டு இழுத்ததில் சரியாயிற்று. பிளாஸ்டிக் சீப்பில் வாரினால் பனிக்கால மதியங்களில் முடி சிலிர்த்துப் பறப்பதும், சேலை முந்தானையில் ஒட்டுவதும் இதில் குறைவு. சிக்கு எடுக்கும்போது நுனியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். உச்சியிலிருந்து இழுத்தால் எல்லாச் சிக்கும் கீழே வந்து ஒரே முடிச்சாக இறுகி, நுனிதான் அறுபடும்.

செக்குக் கடை விமர்சனத்தில் இதைச் சொல்வது பொருந்தாததாகத் தோன்றலாம். ஆனாலும் சிக்கு எடுக்கும் வேலையில் மருந்துக்கடைக் கண்டிஷனருக்கு எந்த எண்ணெயும் ஈடாகாது. நைந்த முடியில் எதிர்மின் தன்மை மிகுந்திருக்கும். கண்டிஷனரில் நேர்மின் தன்மையுள்ள பொருள்கள் இருப்பதால் நைந்த இடத்தைத் தேடி ஒட்டிக்கொள்கின்றன. கனடாவில் இருக்கும் என் நாத்தனாருக்கு மூலிகை எண்ணெய் ஒரு புட்டி கொடுத்தனுப்பினேன். அங்கே வெளிக்காற்று உறைநிலைக்குக் கீழே. அந்தக் காற்றை வீட்டுக்குள் சூடாக்கும்போது ஈரப்பதம் பாலைவனம்போல் சரிந்துவிடுகிறது. கம்பளிக் குல்லாய் வேறு முடியை உரசுகிறது. குளிப்பதற்கு முன் எண்ணெய், குளித்தபின் கண்டிஷனர், குல்லாய்க்கு உள்ளே வழுவழுப்பான சாட்டின் துணி என்று மூன்றையும் வைத்துக்கொண்டுதான் சமாளிப்பதாகச் சொன்னார். எண்ணெய் மட்டும் போதவில்லையாம். அடுத்த முறை எண்ணெய்க்குப் பதில் சீயக்காய் அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

என் விஷயத்தில் பொருளைவிடப் பெரிய சிக்கல் நேரத்தில் இருந்தது. அரக்கோணத்தில் வேலை என்பதால் காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தவறாமல் விடியற்காலை நாலரைக்குத் தலைக்குக் குளித்து, சொட்டச் சொட்ட ஈரச் சடை பின்னி, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து போவேன். ஈர முடி காய்ந்த முடியைவிட வலுக்குறைந்தது, எளிதில் இழுபட்டு நீளும். அதை இறுக்கிப் பின்னி, பனிக்காற்றில் இருக்கையின் முதுகில் உரசவிடுவது நுனியை நானே கத்தரிப்பதற்குச் சமம். தலைக்குளியலை ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மாற்றுகிறேன் என்றபோது மாமியார் முதலில் ஒப்பவில்லை. "வெள்ளிக்கிழமைக்கு மஞ்சத்தண்ணி தலையில தெளிச்சிக்கிறேன் அத்தை" என்று சமாதானம் செய்தேன். இப்போது குளித்ததும் மெல்லிய பருத்தித் துண்டில் கசக்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, மாடியில் இளவெயிலில் விரித்துப் போட்டு, முழுக்கக் காய்ந்தபிறகே பின்னுகிறேன். சாம்பிராணி போடுவது வாசனைக்காக மட்டும். மாமியாருக்கு இளைப்பு உண்டென்பதால் அதையும் மாடியிலேயே வைத்துக்கொள்கிறேன்.

அளவில் இந்தக் கடை நேர்மையானது. உறைந்த எண்ணெயை லிட்டரில் அளக்க முடியாததால் ஒரு லிட்டருக்கு 910 கிராம் என்று தராசில் நிறுத்துத் தருகிறார்கள். தேங்காய் எண்ணெயின் எடைக்கு அது சரியான கணக்கு. சொந்தப் பாத்திரம் கொண்டுபோனால் புட்டிக் காசு ஐந்து ரூபாயைக் கழித்துக்கொள்கிறார்கள். அட்டை வாங்குவதில்லை, ஜி.பே உண்டு. கொப்பரை ஆடுவது புதன்கிழமையும் சனிக்கிழமையும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் போனால் அன்று ஆடியதே கிடைக்கும், ஆனால் மண்டி படிந்திருக்காது என்பதால் வீட்டில் இரண்டு நாள் அசையாமல் வைத்துத் தெளியவிட வேண்டும். வருகிற கார்த்திகைக்கு முக்கால் லிட்டர் வெறும் தேங்காய் எண்ணெயும் அரைக்கிலோ சீயக்காயும் வாங்குவேன், சீயக்காயை இன்னொரு முறை சலித்துத் தரச் சொல்லி. எவர்சில்வர் தூக்குவாளியை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.